எஞ்சினோடு போன பிரேக்

ஞாயிறு, இரவு.

மலைநாட்டையே அதிரவைக்கும் மின்சார ரேஸ் காரை இன்று ஓட்டினேன். பழைய சிவப்புக் காரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி வீசிவிட்டு மோட்டார் பூட்டிய மாமேதை நானே. பக்கத்தில் அக்கா மகள் தேவி. நானுஓயா இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பாறையை மிதித்ததுபோல் இருந்தது.

"மாமா, மெதுவா போங்க!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் புள்ள!"

இரண்டு காலாலும் ஏறி மிதித்து, தேயிலைக்குள் விட்டுத்தான் நிறுத்தினேன். அந்தப் பக்கம் பள்ளம். காற்றை உறிஞ்சும் இழுப்பால் பிரேக்கை மிதிக்க லேசாக்கித் தந்ததும் அந்த எஞ்சின்தான். கழற்றும்போது இந்த மேதைக்கு அது தோன்றவேயில்லை.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க மாமா, ரெண்டு பேரையும் கொன்னுருவாங்க," என்றாள் தேவி.

சோறு போடும்போது அக்கா கேட்டாள்: "காரு எப்புடிடா ஓடுச்சு?"

"பறந்துச்சுக்கா."

அதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.