முதல் கிண்ணம்

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. அங்க இன்னும் குளிர் விடலைன்னு சொன்னே, பெருமாள் புண்ணியத்துல நீ சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் கேட்டுக்கிறேன். இங்க எல்லாரும் நல்லபடியா இருக்கோம்னுதான் எப்பவும் அடுத்த வரி எழுதுவேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரல. பயந்துடாதே, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, கூடத்துல டிவி பார்த்துக்கிட்டு இருக்கார். அவர் இருக்கிறதாலதான் போன்ல பேசாம எழுதறேன். நான் போனைக் கையில எடுத்தாலே தம்பியான்னு கேட்டுக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துடறார். வாசுகி சித்தி தீபாவளிக்கு முறுக்கு சுட பத்து பஹாட் ஊர்லேருந்து வந்திருக்கா, அவ இதைப் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பிடுவா. முறுக்கு நல்லா வந்திருக்கு, உனக்கு ஒரு டின் எடுத்து வெச்சிருக்கேன், ஆனா இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி பக்கத்துல நிக்கும்போதும் என் புத்தி கடல்லதான் இருக்கு.

நீ நியூசிலாந்து போன பிறகுதானே அப்பா செனாய் ஊர் பேக்டரியை விட்டுட்டு கடல்ல மிதவை கட்டி வெச்சிருக்கிற மீன் கூண்டு வேலைக்குப் போனார், அதனால அந்த மிதவையில நடக்கிற ஒரு பழக்கம் உனக்குத் தெரிஞ்சிருக்காது. கூண்டுல சியாக்காப் மீன் வளர்க்கிறாங்க, ஓரமா கயித்துல குப்பாங் சிப்பி தொங்க விட்டிருக்காங்க. கயித்தை மேல தூக்குற அன்னிக்கு முதல்ல ஒரு கிண்ணம் சிப்பியை அங்கயே அவிச்சு வேலையாளுங்க சாப்பிடணும். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னாதான் மூட்டை கரைக்கு வரும். யார் ஆரம்பிச்சதோ தெரியல, அப்பா சேர்ந்தப்பவே இருந்துச்சு. அப்பாவும் பக்கத்து வீட்டு சயீத் மாமாவும்தான் அதைச் சாப்பிடறவங்க. எனக்கு இவ்வளவு நாளா அது ஏதோ வேலையில கிடைக்கிற ருசின்னுதான் தெரியும், வீட்டுக்கு வந்து இன்னிக்கு நல்ல சதைன்னு சொல்வார், நானும் சிரிச்சுக்குவேன்.

ஆவணி மாசம் பெஞ்ச மழையில சாக்கடையும் மண்ணும் கடல்ல இறங்கினதுக்கு அப்புறம் தண்ணி பால் ஊத்தாத தே ஓ தேத்தண்ணி மாதிரி செவந்து போச்சுன்னு அப்பா சொன்னார். கூண்டு மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதாம். கூண்டுக்குக் கீழ வருஷக்கணக்கா விழுந்த தீனி அழுகி, அதுவும் சேர்ந்துதான் தண்ணியைக் கெடுக்குதுன்னு சயீத் மாமா சொன்னாராம். அந்த வாரம்தான் நீ போன்ல உன் சிப்பி பேக்டரி கதை சொன்னே, அங்க தண்ணி அப்படிச் செவந்தா அறிவிப்பு ஒட்டிடுவாங்க, ஒருத்தரும் சிப்பி எடுக்கக் கூடாது, சிப்பி அந்த விஷத்தைக் குடிச்சு வெச்சுக்கும், கொதிக்க வெச்சாலும் போகாது, ருசியிலும் தெரியாதுன்னு. நீ சாதாரணமாத்தான் சொன்னே. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அப்பாகிட்ட சொன்னா, அங்க கடல் வேற இங்க கடல் வேறன்னுட்டார்.

நல்லவேளையா புரட்டாசி பொறந்துச்சு. ஒரு மாசம் நம்ம வீட்ல கவிச்சி கிடையாது, அப்பா டிபன்ல சாம்பார் சாதம்தான், அந்தக் கிண்ணத்தைத் தொட மாட்டார். ஆனா மாசம் முடியப் போகுது, தண்ணி இன்னும் தெளியல. கடைசிச் சனிக்கிழமை அவர்கிட்ட ஒரு பொய் சொன்னேன், உன் வேலை நிரந்தரமாகணும்னு ரெண்டு பேரும் கந்த சஷ்டி முடியிற வரைக்கும் கவிச்சி தொடாம சுத்தமா இருக்கிறதா வேண்டிக்கிட்டேன்னு. தீபாவளிக்கு ஆட்டுக்கறி இல்லாம கத்திரிக்காயா, உன் சாமிக்கு என் மேல என்ன கோவம்னு கத்தினார். ஆனா உன் பேரைச் சொன்னதும் அடங்கிட்டார். சாமி பேர்ல பொய் சொன்னது நெஞ்சுல முள்ளா குத்திச்சு, மறுநாளே கோயிலுக்குப் போய் அதை நெசமாவே வேண்டிக்கிட்டேன். தினம் வரவு செலவு எழுதிட்டுத்தான் படுப்பேன்னு உனக்குத் தெரியும், இதை வரவுல எழுதறதா செலவுல எழுதறதான்னு எனக்குத் தெரியல.

ஏன்னா அப்பா கிண்ணத்தை விட்டா அது சும்மா இருக்காதுன்னு நான் யோசிக்கல தம்பி. உங்க பெருமாள் புண்ணியத்துல உங்க பங்கும் எனக்குத்தான் அண்ணேன்னு சயீத் மாமா கேலி பண்ணிக்கிட்டே ரெண்டு பேர் பங்கையும் அவரே சாப்பிட்டிருக்கார். போன வாரம் கயிறு தூக்கின அன்னிக்கு, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல, அண்ணே பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உதடு மரத்துப் போச்சு, என் வீட்டுக்காரி ஆப்ரின் வைக்கிற மிளகாய்ச் சம்பலுக்கும் இப்படி ஆனதில்லையேன்னு சிரிச்சாராம். அப்பாவும் சிரிச்சிருக்கார். அப்புறம் விரல் மரத்திருக்கு, கையில இருந்த கயிறு நழுவிடுச்சு. மலாய்ல ஐயோங்கிற மாதிரி அலமாக்னு ஒரு வார்த்தைதான் சொன்னாராம், அதுவும் குழறிடுச்சு. அப்பா அவரைப் படகுல படுக்க வெச்சு, டாக்டர் பார்க்கட்டும்னு சிப்பி அவிச்ச சட்டியையும் அப்படியே தூக்கிப் போட்டுக்கிட்டு கரைக்கு ஓட்டி வந்திருக்கார். ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மிஷின் வெச்சாங்க. ஆப்ரின் வராந்தாவுல உட்கார்ந்து துவா கேட்டுக்கிட்டே இருந்தா, நான் பக்கத்துல உட்கார்ந்து வாய்க்குள்ள கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், அவ முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரல.

அல்லா புண்ணியம் நம்ம சாமி புண்ணியம், அவர் பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டார். இன்னும் காப்பிக் குவளையை ரெண்டு கையாலதான் பிடிக்கிறார். அவர் சாப்பிட்ட சிப்பியோட மூட்டை கரைக்கு வராம கடல்லயே போச்சு, அதுவரைக்கும் நல்லது. நேத்து ஆப்ரின் பாயசம் கொண்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா, அண்ணனும் சாப்பிட்டிருந்தா படகை யார் ஓட்டியிருப்பா, உங்க விரதம்தான் என் வீட்டுக்காரரைக் காப்பாத்துச்சுன்னு அழுதா. என் விரதம்தான் அந்தக் கிண்ணத்தை முழுசா உன் வீட்டுக்காரர் முன்னாடி தள்ளி வெச்சுதுன்னு சொல்லாம, பாயசத்தை வாங்கி வெச்சுக்கிட்டேன், இன்னும் வாயில வைக்கல.

இப்ப விஷயத்துக்கு வரேன், கவனமாப் படி. வர்ற சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்துக்கு மறுபடியும் கயிறு தூக்கணுமாம். தண்ணி தெளிஞ்சு போச்சு, இனி பயமில்லைன்னு கூண்டு முதலாளி தவுக்கே சொல்றார். நானும் சித்தியும் அப்பாவுக்குத் தெரியாம மீன்வள இலாகா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தோம். அங்க இருந்த மலாய்க்காரம்மா பொறுமையா கேட்டுக்கிட்டு, திங்கட்கிழமை ஆள் அனுப்பித் தண்ணியும் சிப்பியும் எடுத்துச் சோதிக்கிறோம், அதுவரைக்கும் யாரும் சாப்பிட வேணாம்னு சொன்னாங்க. ஆனா சனி முன்னாடி வருதே. தவுக்கேகிட்ட தள்ளிப் போடச் சொல்லுங்கன்னு அப்பாகிட்ட கெஞ்சினேன். கேட்டுப் பார்த்தாராம், ஆகலையாம். நான் வரலேன்னா வேற ஆளை வெச்சுத் தூக்கிடுவாங்க, சயீத் வாயில இனி வைக்க விட மாட்டேன், முதல் கிண்ணம் நானே சாப்பிடறேன், வேண்டுதலைப் பத்தி சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்றார். பேசாம யாரும் சாப்பிட்டுப் பார்க்காம சிப்பியை அப்படியே விருந்துக்குக் கொடுத்து விடுங்களேன்னு ஆத்திரத்துல கத்திட்டேன் தம்பி. அவர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார். கல்யாணத்துக்கு வர்ற புள்ளைங்க சாப்பிடும் ராணி, அதுக்கு என் வாய் தேவலைன்னார். நல்ல மனுஷனாச்சே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

அதனால நீ வெள்ளிக்கிழமை ராத்திரி கட்டாயம் போன் பண்ணணும். அம்மா எழுதினான்னு சொல்லாதே. நீயா கேட்கிற மாதிரி கேட்டு, தண்ணி தெளிஞ்சாலும் சிப்பிக்குள்ள விஷம் நாள் கணக்கா தங்கும், ஒரு கயித்துல நல்லதா இருந்தா அடுத்த கயித்துல விஷம் இருக்காதுன்னு அர்த்தமில்ல, நீங்க சாப்பிட்டுப் பார்க்கிறதால அந்தப் புள்ளைங்களைக் காப்பாத்த முடியாது, சோதனை முடியாம கயிறே தூக்கக் கூடாதுன்னு சொல்லு. அந்த வேலையில இருக்கிறவன் நீ, நீ சொன்னா கேட்பார். நான் சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டறார்.

இன்னொண்ணு, யார்கிட்டயும் சொல்லாதே. சிப்பி அவிக்கிற அந்தச் சட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படியே நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு. ரெண்டு நாளா அப்பா அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கார், வண்டியில, பின்கட்டுல, சிங்குக்குக் கீழ எல்லாம் பார்த்தாச்சு. நான் அதைக் கழுவி, பழைய வேட்டியில சுத்தி, சாமி ரூம்ல பெருமாள் படத்துக்குக் கீழ கவுத்து வெச்சிருக்கேன். சாமி ரூம்ல கவிச்சிச் சட்டி இருக்கும்னு அவர் கனவுல கூட நினைக்க மாட்டார். விளக்கேத்தும்போது எனக்கு மட்டும் அந்தக் கடல் வாடை அடிக்குது. வேற சட்டி கடையில கிடைக்கும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும்தான் வெச்சிருக்கேன், பெருமாளே ராத்திரி பகலா அதுக்குக் காவல் இருக்கட்டும்னு.

நீ நல்லா இருக்கணும் ராஜா, வேலை நிரந்தரமாகணும், தலைக்குக் குல்லா போடாம வெளிய போகாதே. வெள்ளிக்கிழமை ராத்திரி, மறந்துடாதே, அப்பா படுக்கிறதுக்கு முன்னாடி.

உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற அம்மா,
செல்வராணி மூர்த்தி