இடிமுழக்கனும் சிவப்புப் பென்சிலும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ அனுப்பச் சொன்ன இடிமுழக்கன் காமிக்ஸ் அலமாரியில் இல்லை. காவல் நிலையப் பூட்டையே திருடியவன் கதையும், மாறுவேஷத்தில் தன்னைத் தானே தேடிப் போகிற திருடன் கதையும் வருமே, அந்தப் பழைய இதழ்தான். அலமாரிச் சாவி என்னிடமும் உன் அத்தானிடமும் மட்டும்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. அப்புறம் யார்?

கேட்டேன். "நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் பொய் தெரியாதா? அச்சகத்திலிருந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் பக்கத்தில் போனால் காகிதம் சரசரக்கும், பிறகு சத்தமே இருக்காது. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் வேறு அச்சகத்துக்கு வந்து போகிறாராம். அவருக்குத் தாரை வார்த்துவிட்டார் என்றே முடிவு கட்டி, "திருட்டு மனுஷா" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். என் சந்தேகம் இன்னும் கூடியது.

நேற்று அவர் குளிக்கப் போனதும் பையைக் கொட்டிப் பார்த்தேன். புத்தகம் இருந்தது. பக்கமெல்லாம் சிவப்புப் பென்சில் திருத்தம். ப்ரூஃப் பார்க்கிறவர் கை சும்மா இருக்குமா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உற்றுப் பார்த்தேன். "கள்ளன்" என்று சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. புள்ளி விட்டுப்போயிற்று என்று குறி போட்டிருக்கிறார். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் இதே கதைதான். வீட்டில் இருப்பதிலேயே பெரிய எழுத்து அந்தப் புத்தகத்தில்தான். அதுவே தெரியவில்லை என்றால் அச்சகத்துப் பொடி எழுத்தை எப்படிப் பார்க்கிறார்? போன மாதம் கல்யாணப் பத்திரிகையில் பிழை விட்டதற்கு முதலாளி கத்தினாராம். அசதி என்று என்னிடம் மழுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் தன் கண்ணைச் சோதித்திருக்கிறார். நான் பாவி, அவரைப் போய்த் திருடன் என்றேனே. அழுகை அடங்கவில்லையடா.

புத்தகத்தை இருந்தபடியே வைத்துவிட்டேன். இப்போதைக்கு அனுப்ப முடியாது, கோபிக்காதே. எனக்குத்தான் கண் வலி, துணைக்கு வாருங்கள் என்று சொல்லித் திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இதைப் பற்றிப் பதிலில் மூச்சு விடாதே. உன் கடிதம் வந்தால் என் கையில் தராமல் அவர்தான் ஆசையாய்ப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டுவார். அதனால் வழக்கமான உன் எறும்பு எழுத்து வேண்டாம், தம்பி. கொஞ்சம் பெரிதாக, புள்ளியெல்லாம் அழுத்தி வைத்து எழுது.

உன் நலமே வேண்டும்,
அக்கா