நீ கேட்டு வாங்கிய மைனா

இன்று காலை என் மகள், பிறந்து நாற்பது நாளான தன் பிள்ளையின் நாக்கில் தடவுவதற்காக விளக்குச் சுடரில் வசம்பைச் சுட்டாள். ஓட்டலுக்குப் பின்கட்டுதான் எங்கள் வீடு. கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாடை வந்ததுதான் தாமதம், உள்ளே ஓடி அவள் கையில் இருந்ததைப் பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டேன். "ஏனுங்கப்பா, பேச்சு நல்லா வரட்டும்னு எல்லாரும் செய்யறதுதானுங்களே?" என்று மிரண்டுபோய்க் கேட்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் புரியக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரன். வாரச் சந்தைக்கு மிளகும் தேனும் சுமந்துகொண்டு மலையிறங்குவாய். அடிவாரத்தில் என் காபி ஓட்டலில் சுமையை இறக்கி, ஒரு டம்ளர் காபி குடித்த பிறகுதான் சந்தைக்குள் போவாய். என்னைவிட இரண்டு வயது இளையவன், அண்ணா என்பாய். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஒரு சந்தை நாளில் உன் தலைத்துண்டு மடிப்புக்குள் ஒரு மலை மைனாக் குஞ்சு இருந்தது. சாமை விதைக்கக் காடு வெட்டியபோது நீ சாய்த்த மரத்தின் பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்தனவாம், இரண்டு செத்துப்போயினவாம். "எங்கூட்டுல பூனை கெடக்குதுங்கண்ணா. நீங்க வளத்துங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தாய்.

"பெருசானதும் வந்து கேட்டுற மாட்டியே?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. "எங்க மலையில குடுத்தத யாரும் திருப்பிக் கேக்கறதில்லீங்க. அப்படிக் கேட்டுப்போட்டா, அதுக்கப்புறம் அந்த ஊட்டுல கை நனைக்கக் கூடாதுங்க, பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுங்க" என்றாய்.

குஞ்சு வளர்ந்தது, பேசவும் பேசியது. "காபி ஒண்ணு" என்று என் குரலிலேயே கத்தும். அதைக் கேட்கவே சேந்தமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால் பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடைக்காரன் போட்டிக்கு இரண்டு கிளிகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டான், அவை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மைனாவின் கூண்டை அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினேன். அது இறக்கையை விரித்தால் இரண்டு பக்கமும் கம்பி தட்டும். விறகுப் புகை நேராக அதன் முகத்தில்தான் போய் அடிக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பஜ்ஜியைப் பிய்த்துப் போடுவான், பூந்தி போடுவான், ஒருவன் பீடிப் புகையை ஊதிவிட்டுச் சிரிப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நீ சந்தைக்குச் சந்தை வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இந்தப் பொகையில நமக்கே கண்ணெரியுதுங்கண்ணா" என்பாய் ஒரு நாள். "அதுக்குக் குளிக்கத் தண்ணி வெப்பீங்களா?" என்பாய் இன்னொரு நாள். ஒரு முறை மலை அத்திப் பழம் கொண்டுவந்து கொடுத்தாய். அது ஒன்றுகூட விடாமல் விழுங்கியதைப் பார்த்துவிட்டு, "பசிச்சுக் கெடந்திருக்குது" என்று முனகினாய். என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கேட்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம். அதை எனக்கு வேலியாக்கிக்கொண்டு உள்ளே சுகமாக உட்கார்ந்திருந்தேன். இதை இப்போது சொல்லவே கூசுகிறது.

அடுத்து வந்த மாசி மாதம் மைனா பேச்சை நிறுத்திவிட்டது. தலை இறகு கொட்டி, காதோரத்து மஞ்சள் மடல் வெளுத்துப்போய், மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிராம முன்சீப் சொல்லியனுப்பினார்: தாசில்தார் மலைக்கு முகாம் போகிற வழியில் என் ஓட்டலில் இறங்குவாராம், பேசும் மைனாவைப் பார்க்க வேண்டுமாம். பத்து நாளாக வாய் திறக்காத பறவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளைகளுக்குப் பேச்சு வர என்ன செய்கிறோமோ அதையே செய்தேன். வசம்பைச் சுட்டு, உரைத்து, இரண்டு விரலால் அலகைப் பிளந்து நாக்கில் தடவினேன். ஒரு முறை தடவியிருந்தால் போதாதா? அவர் வருகிற அன்று காலைக்குள் மூன்று முறை தடவினேன். புத்தி கெட்டவன்.

அன்று சந்தை நாள். நீ ஓரத்துப் பெஞ்சில் காபியோடு இருந்தாய். தாசில்தார் வந்தார், கூடவே ஆறேழு பேர். வாசல் முழுக்க ஜனம், மலைக்காரன் நீ ஒருவன்தான். நான் கூண்டுக்குக் கீழே நின்று, "பேசு சாமி, பேசு கண்ணு" என்று கெஞ்சினேன். அதன் அலகோரம் எச்சில் ஒழுகியது. தாசில்தார் கைத்தடியால் கம்பியைத் தட்டி, "என்னய்யா, ஊமையைப் பிடித்து வைத்திருக்கிறீரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தட்டு. மைனா கம்பிலிருந்து நழுவி, கூண்டின் அடியில் பக்கவாட்டில் விழுந்தது. கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

நீ எழுந்தாய். பாதி குடித்த டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய்.

"அண்ணா, பறவையக் குடுத்துருங்க."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. என் முகம் தீயாய் எரிந்தது. அத்தனை பேர் முன்னால், அதுவும் ஓர் அதிகாரி முன்னால்! நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "குடுத்தத நீங்க கேக்கறதில்லையேப்பா? இப்ப உங்க மலை வழக்கம் எங்க போச்சு?" என்றேன்.

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன். குடுங்க" என்றாய்.

தாசில்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூண்டுக் கதவைத் திறந்தேன். அந்தப் பார்வை மட்டும் இல்லாவிட்டால் திறந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நீ அதைத் தலைத்துண்டில் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டு, சந்தைக்குக்கூடப் போகாமல் மலையேறிவிட்டாய். மிளகு மூட்டை என் கடையிலேயே கிடந்தது.

அடுத்த சந்தையில் நீ உள்ளே வரவில்லை. எதிரே புளிய மரத்தடியில் நின்றாய். நான் மூட்டையையும் காபியையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தேன். மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாய். "பொழச்சுக்குமாட்டத் தெரியுதுங்க. தேன்தண்ணி குடிக்குது" என்றாய். காபியைப் பார்த்து, "வேண்டாங்கண்ணா" என்றாய், அதுவும் சிரித்த முகத்தோடு. அடுத்த மாதம் பழம் தின்கிறது என்றாய். ஐப்பசி மழை விட்டதும், "போயிருச்சுங்க. நாலஞ்சு மைனா வந்து கூப்புட்டுதுங்க, கூடவே போயிருச்சு" என்றாய். எனக்கு அன்று சந்தோஷமாகவும் இருந்தது, உன்மேல் கோபமாகவும் இருந்தது. நான்கு வருஷம் அந்த மரத்தடியில் நின்றே பேசினோம். மன்னிச்சுக்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வாய் நொந்தா போயிருக்கும்?

மலைக்காய்ச்சலில் நீ போன செய்தி கருமாதிக்கு இரண்டு நாள் முன்புதான் வந்தது. மூச்சிரைக்க மலையேறினேன். உங்கள் ஊர்க்காரர்கள் என்னை எப்படி நடத்துவார்களோ என்று வழி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். ஆனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்துவந்து, என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "பறவைக்கு முடியலீன்னதும் தானாக் கூப்புட்டுக் குடுத்த மகராசன் இவருதான்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

நான் திடுக்கிட்டு உன் மனைவியைப் பார்த்தேன்.

"அவரு அப்படித்தானுங்களே சொன்னாரு. எங்கண்ணன் மனசு ஆருக்கும் வராதும்பாரு" என்றாள் அந்த அம்மாள்.

"அப்புறம் ஏம்மா என் கடையில காபி குடிக்கல?" என்று கேட்டேன்.

"காபி வயித்துக்கு ஆகறதில்லைன்னாருங்க."

வழக்கத்தை மீறியதற்கான தண்டனையை நீ யாருக்கும் தெரியாமல் உன் தலையில் போட்டுக்கொண்டாய். நான் கொடுக்காததை நான் கொடுத்ததாகச் சொல்லி வைத்தாய். உன் ஊர் முன்னால் உட்கார்ந்திருந்த நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள், சாப்பிட்டு எழுந்தேன்.

இப்போதும் சந்தைக்கு வரும் உங்கள் ஊர்க்காரர்கள் தேடிவந்து என் கடையில்தான் உட்காருகிறார்கள். மகராசன் என்கிறார்கள், கும்பிடுகிறார்கள். அந்தப் பேரை உதறவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் எழுதுகிறேனே, நானும் ஒரு மனுஷன்! நான் கொடுக்கவில்லையப்பா. நீதான் கேட்டாய். இரண்டு முறை கேட்டாய்.