பத்து மணிக்கு மேல் எடுத்த இரத்தம்

மார்ச் 4, 2025, செவ்வாய். திருப்பதி

மன்னித்துவிடு நோட்டே, மணி இரண்டரை. இந்த நேரத்தில் உன்னைத் திறக்கக் கூடாதுதான். திறக்காவிட்டால் தூக்கம் வராது.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். ராத்திரி பத்துக்கு மேல்தான் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்துக்கு வரும். விரலில் குத்தி இரத்தம் எடுப்பதும் அப்போதுதான். போன மாதம் எங்கள் ஆய்வகத்து ஆட்கள் அங்கே முந்நூறு பேரிடம் எடுத்து வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நான். ஒன்றில்கூடப் புழு இல்லை. கையெழுத்துப் போட்டேன். என் தீசிஸுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றுதான் இன்று நானே போனேன்.

செங்கம்மா, இரண்டு காலும் வீங்கியவர், விரலை நீட்டிக்கொண்டே சிரித்தார். "இன்னாம்மா, நீ பத்தரைக்கு வர்றே? அவுங்க வெளக்கு வெக்கிற நேரத்துக்கே குத்திட்டு, ஏழரை பஸ்ஸப் புட்ச்சிக்கினு பூட்டாங்களே!"

படிவத்தில் இரவு பத்தரை என்று இருந்தது. முந்நூறு பேருக்கும் அதே பத்தரை. எப்படி அதைப் பார்க்காமல் விட்டேன்?

மார்ச் 6

அன்று எடுத்த நாற்பதில் மூன்றில் இருக்கிறது. ஊதா நிறத்தில், நெளிந்த நூல் துண்டு போல. ஒன்று செங்கம்மாவின் மருமகள் பத்மாவதியுடையது. இருபத்திரண்டு வயது. கால் வீங்கவில்லை, மாத்திரை கிடைத்தால் வீங்காமலே போகலாம். ஆனால் என் முந்நூறு நெகட்டிவை நம்பி, அந்த ஊருக்கு மாத்திரை தருவதையே நிறுத்தப்போகிறார்கள்.

மார்ச் 7

வேதாச்சலம் சாரிடம் சொன்னேன். ஆய்வகத் தலைவர், என் தீசிஸில் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான்.

"ஏம்மா, இல்லேன்னு கையெழுத்துப் போட்டவளும் நீ. இருக்குன்னு சொல்றவளும் நீ. யார் நம்புவாங்க? பதினேழாம் தேதி ரிப்போர்ட் போவுது. ஊருகோம்மா, விட்டுடு! கைக்கொழந்தக்காரி, வீட்டப் பாரு."

வீட்டப் பாக்கணுமாம்! அஞ்சு வருஷமா இந்தப் புழுவோட கண்ணு எரிய உக்காந்திருக்கேன். பிரசவத்துக்கு முந்தின நாளும் ஸ்லைடு பாத்தேன் — அப்ப யாரும் வீட்டப் பாருன்னு சொல்லலியே?

மார்ச் 9

பாப்பாவுக்குக் காய்ச்சல், 101. கொசுவா? ஒரு கடியில் யானைக்கால் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள், பாப்பாவின் கணுக்காலை மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.

மார்ச் 10

பல் முளைக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 11

என் கணவர் லோகேஸ்வரனுக்கு ரேணிகுண்டாவில் ஷிப்ட் வேலை. இன்னும் இரண்டு இரவு அந்த ஊருக்குப் போய் இரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். "உன் புழுவுக்கும் நைட் ட்யூட்டி, எனக்கும் நைட் ட்யூட்டி. பாப்பாவ யாருடி பாக்கறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "சரி, ரெண்டு நாள் நான் பகலுக்கு மாத்திக்கறேன். புழு மாத்திக்காது."

சிரித்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வேல பூட்ச்சின்னா?"

ஆனாலும் போகிறேன்.

மார்ச் 14

சார் ஜீப் தரவில்லை. பஸ்ஸில் போய் இரண்டு இரவும் செங்கம்மா வீட்டிலேயே தங்கினேன். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பாப்பா தூங்கினாளா என்று லோகேஸ்வரனுக்குப் பதினோரு முறை ஃபோன்.

நூற்றெண்பது பேர். இந்த முறை நேரத்தை அவரவரையே எழுதச் சொன்னேன். எழுதத் தெரியாதவர்களுக்குச் சாட்சியாக, தானும் எழுதத் தெரியாத செங்கம்மா என் ஃபோனில் மணி பார்த்து, நான் சரியாக எழுதுகிறேனா என்று குனிந்து பார்த்த பிறகே ரேகை வைத்தார்.

வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் சம்பத்: "கொசு பாட்டுப் பாடிக்கினு எடுக்குது. மேடம் ரூல்ஸ் பேசிக்கினு எடுக்கறாங்க."

மார்ச் 15

நூற்றெண்பதில் ஒன்பது.

மார்ச் 16, ஞாயிறு

மாவட்ட அதிகாரிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். சாருக்கும் ஒரு நகல். ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது? அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ஐயா, நாளை உங்களிடம் வரும் அறிக்கையில் முந்நூறு ஸ்லைடுகளை நெகட்டிவ் என்று கையெழுத்திட்டவள் நான். அந்த இரத்தம் மாலையில் எடுக்கப்பட்டது. நேரத்தைச் சரிபார்க்காதது என் தவறு. அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரவில் நானே எடுத்த இருநூற்றிருபதில் பன்னிரண்டு பேருக்குப் புழு இருக்கிறது. எடுத்த நேரங்களோடு படிவங்களை இணைத்திருக்கிறேன். ஸ்லைடுகளை யாரை வைத்து வேண்டுமானாலும் மறுபடி பாருங்கள். அந்த ஊருக்கு மாத்திரையை நிறுத்தாதீர்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்."