பதிவு கிடைத்துவிட்டது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் இங்கே சௌக்கியம்.

நம் நாட்டு ஃபார்மசி பட்டம் செல்லாது என்று, இத்தனை நாளும் மருந்துக்கடையில் என்னைப் பெட்டி அடுக்க வைத்திருந்தார்கள் இல்லையா? போன வாரம் கடைசி வாய்மொழித் தேர்வு. தேர்வாளரே நோயாளியாக நடித்தார்.

“தலைசுத்தல் போயிடுச்சும்மா. அதான் பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன்” என்றார்.

அப்படியே நீங்கள்தான்! எனக்குத் தேர்வு என்பதே மறந்துபோனது.

“மாத்திரை போட்டதாலதான் தலைசுத்தல் போச்சு. நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டு எங்கயாவது விழுந்தா, தூரத்துல இருக்கற பொண்ணு எப்படி ஓடி வருவா?” என்று சண்டையே போட்டுவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சரிம்மா, இனிமே ஒழுங்கா போட்டுக்கறேன்” என்றார்.

தேறிவிட்டேன், அப்பா! மருந்தாளர் பதிவும் கிடைத்துவிட்டது. இனி நானே மருந்து கொடுக்கலாம், கையெழுத்தும் போடலாம்.

அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள். இங்கே நல்ல கம்பளி கிடைக்கிறது. இருந்தாலும் போர்த்திக்கொள்ள அதுதான் வேண்டும். நீங்கள் இருவரும் பேசி ஒரு குரல் பதிவும் அனுப்புங்கள், சும்மா எதையாவது பேசினால் போதும்.

சொல்ல மறந்தேனே! கடை வாசலில் என் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் பெயரின் பின்பாதியைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயரின் பின்பாதி உங்கள் பெயர்தானே! காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் மருந்து கேட்கிறார்கள்.

அதோ, உங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன்.

உங்கள் மகள்