தர்மசேனவின் தம்பி

அக்கரப்பத்தனை
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ஜெனுஷனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த டோஹா வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் செபமாலை சொல்கிறாள். தங்கச்சி தனுஜாவுக்கு நர்சரிப் பள்ளியில் வேலை சரிவந்துவிட்டது. பதினைந்து நாளாக மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்து நன்றாக இருக்கிறது, அட்டைதான் தாங்க முடியவில்லை.

போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்டபோது தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அது பொய். நீ நம்பவில்லை என்று எனக்கும் தெரியும், யார் அடித்தது, நம்பரைத் தா என்று தனுஜாவுக்கு நீ அனுப்பியதை அவள் காட்டினாள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். செல்லசாமியின் மகன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். இடது கைதான் முறிந்தது, எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

நான் ஆமியில் இருந்தது உனக்குத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கே ஒரு காட்டுப் பாதையில் எங்கள் லொறி கண்ணிவெடியில் சிக்கியது. இருபத்தொரு பேரில் பதினொரு பேர் அந்த இடத்திலேயே முடிந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பீடி கேட்டுக்கொண்டிருந்தவனின் தோள் என் மடியில் கிடந்தது, ஆள் இல்லை. மிச்சம் இருந்த பத்துப் பேரும் பள்ளத்தில் படுத்துக்கொண்டு சுட்டோம். சூடு அடங்கிய பிறகு எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் தோளில் குண்டு பட்டு எங்களிடம் பிடிபட்டான். என் வயதுதான் இருக்கும். வலப்பனைக்காரன் தர்மசேன துவக்குக் குழலை அவன் வாய்க்குள் செருகினான், பல் உடைகிற சத்தம் கேட்டது. எங்கள் சார்ஜன் தடுத்து, கண்ணிவெடி இல்லாத பாதை இவனுக்குத் தெரியுமா என்று கேள், தெரியாது என்றால் இங்கேயே முடித்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் கேட்டேன். அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "எனக்குப் பாதை தெரியாது அண்ணை, நான் சமைக்கிற ஆள், கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றான்.

நான் சார்ஜனிடம் சிங்களத்தில், தெரியுமாம், காட்டுகிறானாம் என்று சொன்னேன். அவனைச் சாக விடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது, அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. கையைக் கட்டி அவனை முன்னால் நடக்கவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனது தர்மசேனவின் தம்பி நிமல், அவனுக்குப் பின்னால் நான், தர்மசேன கடைசியில் காயப்பட்ட ஒருவரைச் சுமந்து வந்தான். தெரிஞ்ச மாதிரி நட என்று சமையற்காரனிடம் மெல்லச் சொன்னேன். அவன் திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நடந்தான். இருநூறு அடி கூட இருக்காது, வெடித்தது. சமையற்காரன் சத்தம் போடாமலேயே செத்தான். நிமலுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் அண்ணா அண்ணா என்று கத்தினான். காட்டுக்குள் ஆள் நடக்கிற சத்தம் கேட்டது, நிமலின் சத்தத்தை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என் உள்ளங்கையைக் கடித்தான். நடக்கிற சத்தம் ஓய்ந்த பிறகு கையை எடுத்துப் பார்த்தேன், மூச்சு இல்லை. இரத்தம் போனதால் செத்தானா என் கையால் செத்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தப்பியவர்கள் வருடா வருடம் அந்தத் தேதியில் தர்மசேன வீட்டில் கூடுவோம். அம்மாவிடம் கல்யாணம், சாவு என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவேன். வெடித்த நாளில் எங்களிடம் இருந்தது போலவே காய்ந்த பாண் துண்டுகளையும் டின்மீனையும் ஒரே தட்டில் வைத்து எல்லோரும் கை போட்டுச் சாப்பிடுவோம். செத்தவர்களின் பெயரை ஒருவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர்களுக்காக நாங்கள் "இருக்கிறேன்" என்று பதில் சொல்வோம். கடைசியில் சார்ஜன் எழுந்து, எங்களை ஏமாற்றி வெடியில் கொண்டுபோய் விட்டவன் என்று அந்தச் சமையற்காரனைச் சபிப்பார், எல்லோரும் முற்றத்தில் துப்புவார்கள். நானும் துப்பினேன் மகன், முப்பது வருடத்துக்கு மேலாகத் துப்பினேன்.

சார்ஜன் மாசியில் இறந்துவிட்டார். இந்த வருடம் ஐந்து பேர்தான். தர்மசேன என் தோளில் கை போட்டு, இனி நீ சபி லோரன்ஸ், தமிழில் சபி, அவனுக்கு விளங்கட்டும் என்றார். எழுந்து நின்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன், அவனுக்குப் பாதை தெரியாது, பொய் சொன்னது நான் என்று. தர்மசேன அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தார். முதல் அடி புருவத்தில், இரண்டாவதைத் தடுக்கப்போய்க் கை போனது, விழுந்த பிறகு வாயில் மிதித்தார். பல் இரண்டு போனது. மற்ற மூன்று பேரும் இழுத்திருக்காவிட்டால் நான் இன்று இல்லை. ஆஸ்பத்திரியிலும் விழுந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

போன சனிக்கிழமை தர்மசேன நம் லயத்து வீட்டுக்கே வந்தார். அறுபத்து நாலு வயது, வலப்பனையிலிருந்து மூன்று பஸ் மாறி, மழையில் நனைந்து வாசலில் நின்றார். அம்மா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "உள்ளுக்கு கால வச்சீங்கன்னா வெட்டிருவேன்" என்று கத்தினாள், லயத்து ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான்தான் உள்ளே விடச் சொன்னேன். தம்பி உடனே செத்தான் என்று எங்கள் அம்மாவிடம் சொன்னாயே, அது உண்மையா என்று கேட்டார். நான் அவன் வாயைப் பொத்தியதையும் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை அடிப்பார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. தம்பி என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது லோரன்ஸ், நான் மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தேன், போகவில்லை, அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று இருந்தது, நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றார். அம்மா கத்தியோடு அப்படியே நின்றாள்.

போகும்போது வாசலில் நின்று, அந்தச் சமையற்காரனின் பெயர் என்ன என்று கேட்டார். நான் அவனிடம் கேட்கவே இல்லை மகன். ஒரே பாஷை பேசினோம், பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

நீ ஆத்திரப்பட்டு அவருக்குப் போன் எடுக்கக்கூடாது, நம்பர் தரமாட்டேன். தனுஜாவிடமும் கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, உச்சி வெயிலில் கட்டிடச் சாரத்தில் ஏறாதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. இதை வாசித்த பிறகு என்னோடு பேச மனம் வராவிட்டாலும் அம்மாவுக்கு மட்டும் மறக்காமல் எடு, அவள் போனை மடியிலேயே வைத்திருக்கிறாள். ஆண்டவர் உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
லோரன்ஸ்