ஆண்களின் சந்தம்

10 ஜனவரி 1984

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள், அம்மாவிடமும். அல்லாஹ்வின் பேரால் கேட்கிறேன்.

ஹர்கெய்சா நகரம் முழுக்கப் பெண்கள் குடத்தோடு நிற்கிறோம்; அதிகாரிகள் வீட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் லாரி போகிறது. அதைத்தான் பாட்டாகக் கட்டினேன். குழாயடியில் நாலு பேரிடம் சொன்னேன். அவ்வளவுதான். இப்போது யாரோ ஓர் ஆணின் குரலில் கேசட் கேசட்டாக ஊரெல்லாம் ஓடுகிறது. டீக்கடையில்கூடக் கேட்டேன்.

14 ஜனவரி

அந்தக் கேசட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கொண்டுவந்தார். அப்பா எங்கள் நாட்டு வரலாற்றையும் வாய்மொழிப் பாடல்களையும் ஆராய்கிறவர். எந்தப் பாட்டைக் கேட்டாலும் கட்டியது எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவார். மதியம் முழுக்க இருவரும் போதைக்குக் காத் இலை மென்றபடி கேட்டார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். அதிகாரியின் கடைவாயில் பச்சை நுரை.

“என்ன பேராசிரியரே, பொம்பளைங்க வேலையா இருக்குமோ? குழாயடியிலதான் ஆரம்பிச்சுதாம்.”

அப்பா சிரித்தார். “நல்லா கேட்டீங்க போங்க! இது ஆம்பளைங்க சந்தம். பொம்பளைங்க பாட்டெல்லாம் கல்யாண வீட்டோட சரி. அடிக்கு அடி ஒரே எழுத்துல மோனை நிக்குது பாருங்க. படிச்சவன். வாத்தியாரா இருப்பான்.”

“பேரு?”

அப்பா அடுத்த இலையைக் கிள்ளினார். “ஸமதர்.”

என் இலக்கிய வாத்தியார்.

15 ஜனவரி

வகுப்பிலிருந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

17 ஜனவரி

அப்பா அப்பத்தால் ஈரலை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் குமட்டுகிறது. கவிஞனைத் தொட வெள்ளைக்காரனே பயந்தான் என்று மேடையில் பேசுகிற அதே வாய். இதுதான் ஆராய்ச்சியா? பெண்ணுக்கு அந்தச் சந்தம் வராது என்று அவர் நம்புவதால் ஒரு மனிதர் சிறையில் கிடக்கிறார்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்னையும் பிடிப்பார்களா? அடிப்பார்களா?

19 ஜனவரி

சொல்லிவிட்டேன். அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பாட்டு நான்தாம்ப்பா கட்டினேன்.”

துண்டை எடுத்தார். “தெரியும்.”

“தெரியுமா?”

“மூணாவது அடியில தப்பான இடத்துல மூச்சு விடுவியே. சின்ன வயசுலேர்ந்து திருத்தறேன். கேசட்ல சொல்றவனும் அங்கதான் திணர்றான்.”

“அப்ப ஏன்ப்பா ஸார் பேர…”

“அவனுக்கென்ன பொண்டாட்டியா, புள்ளையா? கொஞ்ச நாள்ல விட்டுருவாங்க. வாய மூடிக்கிட்டுப் பரீட்சைக்குப் படி.”

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. அம்மாவுக்கும் தெரியும்!

பிறகு அப்பா என் தலையை வருடினார். சீ! அந்தக் கையால். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் ஊற்றித் தலையைக் கழுவினேன். அம்மா திட்டவில்லை — அதுவும் பிடிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பு. என்மேலேயே.

20 ஜனவரி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

21 ஜனவரி

இன்று குழாயடியில் பாட்டை முழுசாகச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி, கட்டியவர் பெயரை முதலில் சொல்லி: “கட்டியவள் ஹோதன், ஜிப்ரீல் வர்ஸமேயின் மகள்.”

“ஏய், வாய மூடுடி! பைத்தியமா ஒனக்கு?” என்று ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி, முடிக்கட்டும்” என்றாள் இன்னொருத்தி. “இந்த நண்டா கட்டுச்சு? நான் ஏதோ தாடிக்காரன்னுல்ல நெனச்சேன்!”

சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரிகள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரியின் டிரைவர் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். இனி ஸமதர் ஸாரை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்? விட்டுவிடுவார்கள்தானே?

வாசலில் வண்டி வந்து நிற்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். அப்பா முற்றத்துக்கு ஓடுகிறார். அவர் இன்னொரு பெயரைச் சொல்வதற்குள் நான்—